பொதுத் தொட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்



காலையில் வேலைக்குப் புறப்படுமுன் வீட்டைக் கூட்டுகிறோம். குப்பையை முறத்தில் அள்ளி லயத்துக்குப் பின்னால் கொட்டுகிறோம். வீடு சுத்தமாகிவிட்டது. ஆனால் குப்பை எங்கே போனது? எங்கும் போகவில்லை. பத்தடி தள்ளி, நம்மோடுதான் குடியிருக்கிறது.

நான் பாடம் நடத்தும் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரே லயத்தில் மூன்று பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. அவர்களில் ஒருத்தி என் வகுப்பு மாணவி. சுகாதாரப் பணியாளர்கள் வந்து தேடினார்கள். சாக்கடையில் தேடவில்லை; பின்புறக் குப்பையில் தேடினார்கள். பால் டின்களிலும் உடைந்த வாளியிலும் தேங்கிய மழைநீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்தப் பிள்ளை பிழைத்துத் திரும்பி வந்தாள். அன்று முதல் காலி டின்னை நான் காலி டின்னாகப் பார்ப்பதில்லை.

இந்தத் தொல்லையை நம் பக்கத்துத் தீவு எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்போம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து, நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ் ஏறிப் பினாங்குக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். வேலையிடங்களிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழும் மூன்று வண்ணத் தொட்டிகள் நிற்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். நீலம் காகிதத்துக்கு. பழுப்பு கண்ணாடிக்கு. ஆரஞ்சு, டின், அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு.

தீவு என்றால் நிலம் குறைவு. வீடு கட்டவே இடம் போதாதபோது குப்பையைப் புதைக்க எங்கே போவது? தீவின் வீட்டுக் குப்பையைப் பத்து மாவுங்கில் உள்ள நிலையத்தில் சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் நிபோங் திபால் அருகே புலாவ் பூரோங் என்ற இடத்துக்குக் கொண்டுவந்து கொட்டி வந்தார்கள். அந்த இடமும் நிரம்பி மலையானது. 2022 ஜனவரியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. ஆகவே, புதைக்கும் குப்பையைக் குறைப்பதே வழி. குப்பையை வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும் என்ற விதியைப் பினாங்கு 2016 ஜூன் முதல் தேதி தொடங்கியது. ஓராண்டு பழக்கிவிட்டு, 2017 ஜூன் முதல் அபராதத்தைக் கொண்டுவந்தது.

முதலில் பழக்கம், பிறகு அபராதம். இந்த வரிசையைக் கவனியுங்கள். நம் நாட்டில் மறுசுழற்சி இயக்கம் 1993-இலேயே தொடங்கியது. மக்கள் ஆதரவு போதாமல் தளர்ந்து, 2000-இல் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. தொட்டி வைப்பது எளிது. அதைத் தொட்டியாகவே வைத்திருப்பதுதான் கடினம். ஒருவர் மீந்த குழம்பை நீலத் தொட்டியில் கொட்டினால் அதிலுள்ள காகிதம் முழுவதும் பாழ். நனைந்த காகிதத்தைப் பழைய சாமான்காரர் எடுக்கமாட்டார். எடுக்காவிட்டால் தொட்டி வழியும். வழிந்த தொட்டியில் எல்லாரும் எல்லாவற்றையும் போடுவார்கள். அப்புறம் அது வெறும் குப்பைத் தொட்டிதான்.

கெடாவிலும் இதற்குச் சட்டம் உண்டு. 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் நம் மாநிலமும் ஒன்று. 2015 செப்டம்பரில் இங்கே பிரித்து வைக்கும் விதி வந்தது. 2016 ஜூன் முதல் தவறுவோருக்குத் தண்டமும் உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களின் தாமான்களில் குப்பை லாரி வாசலுக்கே வருகிறது. தோட்டமோ தனியார் நிலம். லாரி வராத தோட்டங்களில் என்ன செய்வது? லயங்களைச் சுத்தமாக வைப்பதும், குப்பையைச் சேகரித்து முறையாக அகற்றுவதும் நிர்வாகத்தின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

சிலர், "எரித்துவிட்டால் போகிறது" என்பார்கள். திறந்த வெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது அந்தப் புகை. 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியபோது, அது நம் நாட்டுக்குத் திரும்பியது. சுங்கை பட்டாணி வட்டாரத்தில் அனுமதியில்லாத ஆலைகள் அதை எரிப்பதால் இருமலும் மூச்சுத் திணறலும் வருவதாக மக்கள் முறையிட்டார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பிளாஸ்டிக் புகை அந்நியன் எரித்தால்தான் கெடுதல் என்பதில்லை. நம் பின்வாசலில் எரித்தாலும் அதே நஞ்சுதான்.

சரி, லயத்தில் பொதுத் தொட்டி வைக்க என்ன வேண்டும்?

முதலாவது, இடம். நிழலும் கூரையும் இருக்க வேண்டும், மழை விழக்கூடாது. கடைக்கோ கோயிலுக்கோ போகிற வழியில் இருந்தால் நல்லது. ஒதுக்குப்புறத்தில் வைத்தால் ஒருவரும் போகமாட்டார்கள்.

இரண்டாவது, மூடி. காகிதத் தொட்டிக்கு நீண்ட பிளவு, டின் தொட்டிக்கு வட்டத் துளை. துளையே எதைப் போடலாம் என்று சொல்லிவிடும். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் புரியும்.

மூன்றாவது, பொறுப்பாளர். எல்லாருக்கும் பொது என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். வாரம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். பழைய சாமான் லாரி வரும் நாளையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நான்காவது, கணக்கு. விற்ற பணம் எவ்வளவு, என்ன செலவு என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கோ கோயில் விளக்குக்கோ போகட்டும். கணக்கு மறைந்தால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் தொட்டியும் போகும். பானம் வரும் அலுமினிய டின்னைத் தனியாகச் சேருங்கள். அதை உருக்கி மறுபடி டின் செய்ய, மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகிறது. அதனால்தான் அதற்குக் கிராக்கி.

காய்கறித் தோல், மீன் செதிள், சோற்றுக் கழிவு எந்தத் தொட்டிக்கும் வேண்டாம். ஒரு குழியில் போட்டு, காய்ந்த இலையும் மண்ணும் மாறி மாறித் தூவுங்கள். சில மாதங்களில் கத்தரிக்கும் வெண்டைக்கும் உரம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்த உரம் செய்யும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி மருந்து வந்த பிளாஸ்டிக் கலன் எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்கு ஆகாது. அதில் தண்ணீர் பிடிக்காதீர்கள். பொதுத் தொட்டியிலும் போடாதீர்கள். தோட்ட ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இன்று மாலை லயத்துக்குப் பின்னால் ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்கிய டின் எத்தனை என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். தொட்டி வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.