ரெயில் மாற்றினீர்களா? பில் எங்கே?

என்ஜின் பவரைக் கூட்ட பியூயல் ரெயில் மாற்றிவிட்டு, பிறகு சிக்கலில் மாட்டி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பில்லைத்தான். இருக்காது. ரொக்கம் கொடுத்திருப்பார்கள். கழற்றிய பழைய ரெயிலைக் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பார்கள். கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த நாலு போட்டோ.

பியூயல் ரெயில் என்பது பம்ப் தள்ளும் பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடும் குழாய். அவ்வளவுதான். டர்போ, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், என்ஜின் கம்ப்யூட்டர் ரீமேப் எல்லாம் சேர்ந்து, பழைய ரெயிலால் ஈடுகொடுக்க முடியாத நிலை வந்தால்தான் அதை மாற்ற வேண்டிவரும். கம்பெனி என்ஜினில் பளபள அலுமினிய ரெயில் மாட்டினால் பவர் கூடாது, பானெட்டைத் திறந்து காட்டலாம். ஆபத்து மட்டும் நிஜம். சாதாரண பெட்ரோல் காரில் ரெயிலுக்குள் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். ஓ-ரிங் ஒன்று நசுங்கி உட்கார்ந்தாலும் பெட்ரோல் கசிந்து சூடான என்ஜின் மேல் விழும். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் காரில் 200 பாரையும், காமன் ரெயில் டீசலில் 1,500 பாரையும் தாண்டும். அந்த வகை ரெயிலைத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் கழற்ற விடாதீர்கள்.

"ஆர்.சி.யில ரெயில் பேரே இல்லையே சார்" என்பார் மெக்கானிக். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு அவருக்குத் தெரியாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, உதிரிபாகம் பொருத்துவது உட்பட, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் சிக்குவது காரின் உரிமையாளர், மெக்கானிக் அல்ல. ரேஸ்தான் ஆசை என்றால் காரை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ செட்டிப்பாளையம் டிராக்குக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள்.

தீப்பிடித்த பிறகுதான் பலருக்குப் பாலிசியே ஞாபகம் வருகிறது. மாற்றுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, மாற்றத்தைப் பாலிசியில் பதிவுசெய்யும் என்டார்ஸ்மென்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. சர்வேயர் வருமுன் பழைய பாகத்தை மாட்டி மறைக்கும் வேலையும் வேண்டாம், அதுவே மோசடியாகிவிடும்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். போனில் "வராது சார்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். கசிவுக்கும் நீங்கள் மாற்றிய பாகத்துக்கும் சம்பந்தமில்லை என்றால், உங்கள் வாதம் அந்த அறிக்கையில்தான் நிற்கும். பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, மறுத்தாலோ, அடுத்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அவசரப்பட்டு இரண்டு பக்கமும் ஓடிக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

வேலையைச் சொதப்பியது ஒர்க்‌ஷாப் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.