கழுதைக் குரல் பறவைகளின் தீவு

பெங்குவின் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பனி மூடிய தென்துருவமே. ஆனால் வெயில் சுடும் ஆப்பிரிக்கக் கரையிலும் பெங்குவின்கள் வாழ்கின்றன. செம்மநத்தத்துக் காப்பித் தோட்டங்களின் நடுவே வாழும் நமக்குக் கடலைக் காண்பதே அரிது. ஆயினும் கற்பனையில் படகேறத் தடையில்லை அல்லவா? வாருங்கள், ராபன் தீவைக் கண்டு வருவோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து படகில் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் தீவை அடையலாம். இது நெடுங்காலம் சிறைத்தீவாக இருந்தது. நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் இங்கே அடைபட்டிருந்தார். காந்தியடிகளுடன் சத்தியாக்கிரகத்தில் தோள் கொடுத்து நின்ற தம்பி நாயுடுவின் பேரர் இந்திரேஸ் நாயுடுவும் இங்கே சிறை வைக்கப்பட்டவரே.

கரையோரப் புதர்களை நெருங்கும்போதே கழுதை கத்துவது போன்ற ஒலி கேட்கிறது. அதுவே ஆப்பிரிக்கப் பெங்குவினின் குரல்! உயரம் ஏறத்தாழ இரண்டடி. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேல் இளஞ்சிவப்புத் தோல். உடற்சூடு மிகும்போது அத்தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூட்டை வெளியேற்றுகிறது. பெட்டை பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். தாயும் தந்தையும் முறை வைத்து ஏறத்தாழ 40 நாட்கள் அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருக்க, மற்றொன்று கடலுக்குப் போகும். உணவு? நம் சந்தையில் விற்கும் மத்தியின் இனமும் நெத்திலியின் இனமுமே!

இப்பறவைகளின் கதை துயரமானது. மாலுமிகள் இறைச்சிக்காகக் கொன்று குவித்ததால், 1800ஆம் ஆண்டு அளவில் ராபன் தீவில் ஒரு பெங்குவினும் எஞ்சவில்லை. பிற தீவுகளில் பறவை எச்சம் அடுக்கடுக்காய்ப் படிந்திருந்தது. அதில் வளை தோண்டி, வெயில் படாமல் அவை முட்டையிட்டு வந்தன. அந்த எச்சத்தையும் மனிதர் உரத்திற்காகச் சுரண்டி எடுத்துச் சென்றனர். கூடுகள் வெட்டவெளிக்கு வந்தன. முட்டைகளும் இலட்சக்கணக்கில் உணவுக்காகக் கொண்டு செல்லப்பட்டன.

ஆயினும் 1983இல் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. யாரும் கொண்டு வந்து விடாமலே, ஒன்பது இணைகள் ராபன் தீவில் மீண்டும் கூடு கட்டின. பின்னர் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'டிரெஷர்' என்னும் கப்பல் அருகே மூழ்கி எண்ணெய் பரவியது. எண்ணெய் படிந்த சுமார் 19,000 பறவைகளைத் தொண்டர்கள் மீட்டுக் கழுவினர். எண்ணெய் படாத ஏறத்தாழ அத்தனை பறவைகளை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் போர்ட் எலிசபெத்துக்கு லாரிகளில் கொண்டு சென்று கடலில் விட்டனர். அவை நீந்தித் திரும்புவதற்குள் கடலைத் தூய்மை செய்வதே நோக்கம். பறவைகளும் வழி தவறாமல் வீடு திரும்பின!

இன்று அவற்றை வாட்டுவது பசி. மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன. கடலின் தன்மை மாறியதும், மிகுதியான மீன்பிடிப்பும் இதற்குக் காரணங்கள். 2024இல் இவ்வினம் மிக அருகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியவை 10,000 இணைகளுக்கும் குறைவு. 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணைப்படி, ராபன் தீவு உட்பட ஆறு பெங்குவின் குடியிருப்புகளைச் சுற்றிய கடற்பகுதிகளில் இம்மீன்களைப் பெருவலை கொண்டு பிடிப்பது 10 ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது.

எண்ணெயில் சிக்கிய பறவையைக் கழுவிக் காப்பது கருணை. அது பசியாற மீனை விட்டுவைப்பது நீதி. கருணையோடு நீதியும் சேர்ந்தால் அன்றோ அவை பிழைக்கும்? நம் மலையின் குருவிக்கும் காட்டெருமைக்கும் இது பொருந்தும் என்பதை நாமும் நினைவில் கொள்வோமாக.