கொன்ட்ரோலரின் சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்சாதனத்தில் பட்டதே தொடக்கம் என்று மின்சக்தி அமைச்சர் கூறினார். அதற்கு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், நமது நுரைச்சோலையில், லக்விஜய அனல் மின்நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் இயக்கி முடிக்கச் சில நாட்கள் சென்றன. அதுவரை நாட்டில் மின்வெட்டு இருந்தது.

எங்கோ ஒரு குரங்கு செய்ததற்கு இங்குள்ள இயந்திரம் ஏன் நிற்க வேண்டும் என்று பலர் கேட்டனர். அவை பழுதாகி நிற்கவில்லை. பழுதாகாமல் இருப்பதற்காகவே நின்றன. மின்னோட்டத்தின் நிலை குழம்பும்போது இயந்திரத்தைத் துண்டித்துக் காப்பாற்றும் கருவிகள் அங்கே உள்ளன.

இதே காவல் வேலையைச் செய்யும் சிறிய பெட்டியொன்று நம்மில் பலரது வீட்டுச் சுவரிலும் தோட்டத்துக் கிணற்றடியிலும் உண்டு. அதுவே சோலர் கொன்ட்ரோலர். 1997க்கும் 2011க்கும் இடையில் உலக வங்கியின் உதவியுடன் நடந்த இரு திட்டங்களின் கீழ், மின்கம்பி எட்டாத ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கிராமத்து வீடுகள் கடன் முறையில் சோலர் விளக்குப் பெற்றன. பின்னர் மின்கம்பிகள் அநேகமாக எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆயினும் காவல் குடிசைக்கும், தூரத்துத் தோட்டத்து மோட்டருக்கும், மின்வெட்டு நேரத்துக்கும் சோலர் இன்றும் பயன்படுகிறது.

பெட்டிக்குள் இருவர்

பெட்டியைத் திறந்தால் நகமளவுள்ள கறுப்புச் சில்லுகள் தெரியும். அவற்றில் ஒன்று மின்வழங்கலைக் கட்டுப்படுத்தும் சிப். அது ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. வெளியே போகும் வோல்ட் அளவு கூடினால் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். வாய்க்கால் மடையில் மண்வெட்டியுடன் நின்று பாத்திக்கு வேண்டிய நீரை மட்டும் விடுபவரைப் போன்றது இது. வயர்கள் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த நேரத்தில், யாரையும் கேளாமல் மின்சாரத்தை மூடிவிடும்.

மற்றது நுண்செயலி. இது கணக்கப்பிள்ளை போன்றது. வோல்ட் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று இடைவிடாது அளந்து, குறித்து வைத்து, முடிவெடுக்கிறது. பெரிய கணினிகளிலும் தொலைபேசி நிலையங்களிலும் இவ்விருவரும் இரண்டு வயர்கள் மூலம் உரையாடுவர். வெவ்வேறு கம்பனிகளின் சிப்புகளும் ஒரே மொழியில் பேசுவதற்காக 2005இல் ஒரு பொதுமுறை வகுக்கப்பட்டது. பல இடங்களில் மூன்றாவது வயர் ஒன்றும் உண்டு. ஏதாவது ஒரு சிப்புக்குத் துன்பம் நேர்ந்தால், கோயில் மணிக் கயிற்றை இழுப்பது போல் அது இந்த வயரை இழுக்கும். உடனே நுண்செயலி, “யார் அழைத்தது? என்ன நேர்ந்தது?” என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும்.

விசாரித்தபின் அது செய்யக்கூடியவை மூன்று. சிறு பிழையாயின் எச்சரித்துவிட்டு வேலையைத் தொடர விடும். நடுத்தரப் பிழையாயின் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். திரும்பத் திரும்ப அதே பிழை வந்தால், ஒரு மனிதர் வந்து பார்க்கும்வரை பூட்டிவிடும். “தானாக வந்து வந்து போகிறது”, “அடியோடு வரவில்லை” என்று நாம் முறையிடும் இரு நிலைகளும் பெரும்பாலும் இவையே.

கணக்கப்பிள்ளையே உறங்கிவிட்டால்? அதற்கும் ஒரு காவல் உண்டு. குறித்த நேரத்துக்குள் நுண்செயலி “விழித்திருக்கிறேன்” என்று சொல்லாவிட்டால், ஒரு கடிகாரச் சுற்று அதைத் தட்டியெழுப்பி வேலையை முதலிலிருந்து தொடங்கச் செய்யும்.

நமது பிழைகள், நமது பொருட்கள்

12 வோல்ட் ஈயப் பற்றரி ஏறக்குறைய 11 வோல்ட்டுக்கு இறங்கியதும் கொன்ட்ரோலர் விளக்குகளை அணைத்துவிடும். அந்த இரவில் அது நமக்குக் கோபத்தைத் தரும். “கொன்ட்ரோலரை விட்டுவிட்டு டிரெக்டாகக் கொடுங்கள்” என்று யாராவது யோசனை சொல்வர். அவ்வாறு கொடுத்தால் அன்று விளக்கு எரியும். ஆனால் அடிவரை வற்றவிடப்படும் ஈயப் பற்றரியின் தகடுகளில் உப்புப் படிந்து இறுகி, பற்றரி விரைவில் உயிரிழக்கும். இடம்பெயர்ந்து வந்து, கடன்பட்டு வாங்கிய பொருள் அது. பற்றரி செத்தாலும் கடன் சாகாது.

கிணற்று மோட்டரிலும் இப்படியே. கற்பிட்டிக் குடாநாட்டு மணலின் கீழ் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நீர் வற்றி மோட்டர் வெறுமனே சுழலும்போது கொன்ட்ரோலர் அதனை நிறுத்துகிறது. நாள்தோறும் இது நடந்தால் பிழை மோட்டரில் அல்ல, நாம் இறைக்கும் அளவில் இருக்கலாம். மேலும் மேலும் இறைத்தால் கீழிருந்து உவர் மேலெழும். பின் வெங்காயமும் மிளகாயும் கருகும். அந்தச் சிவப்பு விளக்கு மோட்டரை மட்டுமன்றிக் கிணற்றையும் காக்கிறது.

கடற்காற்றின் உப்பு வயர் முனைகளில் பச்சை பூக்கச் செய்வதும் நமது பகுதிக்குரிய தொல்லை. முனை தளர்ந்தால் அங்கே சூடேறும், வோல்ட் குறையும். பெட்டி பிழை காட்டினாலும் நோய் வயரிலேயே இருக்கும்.

செய்ய வேண்டியவை

1. விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, என்ன நிறம் என்பதை முதலில் எழுதுங்கள். சில பெட்டிகள் அணைத்ததும் பிழையை மறந்துவிடும்.

2. சிமிட்டலின் பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கைநூலில் உள்ள அட்டவணையைத் தமிழில் எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டுங்கள். பிள்ளைகள் உதவுவார்கள்.

3. திகதி, நேரம், வானிலை, அப்போது ஓடிக்கொண்டிருந்த பொருள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறியுங்கள். மெக்கானிக்குக்கு அது மருத்துவக் குறிப்புப் போல் உதவும்.

4. கழற்றும்போது சோலர் தகட்டின் வயரை முதலிலும், பற்றரியைப் பின்னரும் கழற்றுங்கள். பூட்டும்போது பற்றரியே முதலில். வெயில் படும்வரை தகட்டில் மின்சாரம் இருக்கும். மோட்டர் ஓட்டும் தகட்டுத் தொடர்களின் மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. அவற்றில் நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.

5. பியூஸ் எரிந்தால் அதே அளவுப் பியூஸையே போடுங்கள். செப்புக் கம்பியைச் சுற்றுவது காவலாளியைக் கட்டிவைப்பதற்குச் சமம்.

பெட்டி தானாக நின்றால் அதை அடக்குவதற்கு முன், அது எதைக் காக்க நின்றது என்று கேட்டுப் பாருங்கள். நுரைச்சோலையின் பெரிய இயந்திரத்துக்கும் நமது சிறிய பெட்டிக்கும் பொருந்தும் கேள்வி இதுவே.