முற்பகல் மேசையும் பின்கட்டுச் சொற்களும்: சிங்கப்பூரின் கறுப்பு வெள்ளை வீடுகளை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரில் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களிலும் முற்பகல் பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல்வரை நீளும் உணவுவேளை ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றி வந்துள்ளது. டெம்ப்சி குன்று, ரோச்செஸ்டர் பார்க் முதலிய இடங்களில் ஆங்கிலேயர் காலத்து வீடுகளும் படைமுகாம் கட்டடங்களும் உணவகங்களாக மாறியபோது இப்பழக்கம் அவற்றோடு இயல்பாகப் பொருந்திக்கொண்டது. உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம், மெல்லச் சுழலும் மின்விசிறி, பிரம்பு நாற்காலி, புல்வெளியில் ஓடும் பிள்ளைகள், முட்டையும் ரொட்டியும் காப்பியும் என அனைத்தும் அவசரமின்மையை உணர்த்துவன. நம் துறை சார்ந்த ஆசிரியர்களும் பட்டதாரிகளும் இம்மேசைகளில் அமர்வதைக் காண்கிறோம், நாமும் அமர்ந்திருக்கிறோம். இவ்வேளையின் ஓய்வுணர்வு எவ்வாறு உருவாக்கப்பட்டது, அதில் தமிழரின் இடம் யாது என்பதை அவ்வீட்டின் அமைப்பையும் அங்குப் புழங்கிய சொற்களையும் கொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

வேளையும் அதன் பெயரும்

காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் உரிய இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் 'பிரஞ்ச்'. கை பெரிஞ்சர் என்பார் 1895ஆம் ஆண்டு 'ஹண்டர்ஸ் வீக்லி' என்னும் ஆங்கில இதழில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வேளைக்காகப் பரிந்து பேசினார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவர் ஞாயிறன்று தாமதமாக எழுந்து, தேவாலய வழிபாட்டுக்குப் பின்வரும் கனத்த விருந்தைத் தவிர்த்து, எளிதாகவும் கலகலப்பாகவும் உண்ணலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டில் 'பஞ்ச்' இதழ் இதனைக் கேலியாக எடுத்துக்கொண்டு, காலை வேளையை நெருங்கினால் பிரஞ்ச் என்றும் மதியத்தை நெருங்கினால் பிளஞ்ச் என்றும் வேறுபடுத்தியது. பிளஞ்ச் நிலைக்கவில்லை.

தமிழ் எழுத்தில் இச்சொல் ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. 'பிரஞ்ச் உணவு' என்று எழுதினால் வாசகர் பிரான்சு நாட்டு உணவு என்றே கொள்வர். ஆகவே இக்கட்டுரையில் 'முற்பகலுணவு' என்றே வழங்குகிறோம். புதுச்சொல் படைக்கும் ஆர்வத்தால் அன்று, குழப்பம் நீக்கும் பொருட்டே இவ்வாறு கூறுகிறோம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடம் காலை உணவுக்குப் 'பசியாறுதல்' என்னும் அழகிய வழக்கு உண்டு. 'பசியாறியாச்சா?' என்பது இன்றும் காலை நேர நலவிசாரிப்பாகும். பசியையே பெயரில் கொண்ட இவ்வழக்கு, பசியைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாத ஒரு வேளைக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

காலைக்கும் மதியத்துக்கும் இடைப்பட்ட வேளையில் உண்ணும் வழக்கம் மலாயாத் தமிழருக்குப் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் சுட்டவேண்டும். இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வரக்கோப்பியோடு வேலைக்காட்டுக்குப் போனவர்கள், மரம் வெட்டி முடித்துப் பால் எடுக்கும் வேளை வரும்வரை உள்ள இடைவெளியில், கொண்டுவந்த சோற்றை உண்டனர். மணி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று தாமதமாக எழுந்தவரின் உணவு. மற்றொன்று பொழுது புலருமுன் எழுந்தவரின் உணவு.

வீட்டின் அமைப்பு

கறுப்பு வெள்ளை வீடு எனச் சிங்கப்பூரில் வழங்கப்படுவது, வெள்ளைச் சுவரும் கருநிறம் தீட்டிய மரச்சட்டங்களும் கொண்ட பங்களா வகையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை இவை கட்டப்பட்டன. அரசு அலுவலர், படை அதிகாரி, வணிக நிறுவன மேலாளர் ஆகியோருக்கென இவை அமைந்தன. ஏறத்தாழ 500 வீடுகள் இன்றும் எஞ்சியுள்ளன; பெரும்பாலானவை அரசுடைமை; வாடகைக்கு விடப்படுபவை. கட்டடக் கலைஞர் ஆர்.ஏ.ஜே. பிட்வெல் 1898இல் கேலப் சாலையில் வடிவமைத்த 'அட்பாரா' இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ராஃபிள்ஸ் விடுதியின் 1899ஆம் ஆண்டு முதன்மைக் கட்டடமும் அவர் கைவண்ணமே. அதற்கு முன்னர் அவர் சிலாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர் என்பது கோலாலம்பூர் வாசகர்களுக்குச் சுவையூட்டும் செய்தியாகலாம்.

பங்களா என்னும் பெயர் வங்காளத்திலிருந்து வந்தது. வீட்டைச் சூழ்ந்த வளாகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'காம்பவுண்டு' மலாய் மொழியின் 'கம்போங்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பர். தூண்களின்மேல் உயர்த்திய தளம், காற்று ஊடுருவும் அறைகள், வெயிலையும் மழைச்சாரலையும் தடுக்கும் ஆழ்ந்த தாழ்வாரம், மூங்கில் மறைப்புகள் ஆகியன வெப்பமண்டலத்திற்கு ஏற்ற அறிவார்ந்த தீர்வுகள். இதனைப் பாராட்டுவதில் தயக்கம் வேண்டியதில்லை. நம் குளிர்சாதன வகுப்பறைகளைக் கட்டியோர் இவ்வீடுகளில் ஒரு பிற்பகலேனும் கழித்திருக்கலாம் என்று தோன்றுவதுண்டு.

ஆனால் காற்றுக்காக வகுத்த இத்திட்டம் மற்றொன்றையும் வகுத்தது. சமையற்கட்டு முதன்மை வீட்டில் இராது. பின்புறம் தனியே நின்ற தாழ்ந்த கட்டடத்தில் அடுப்பும் கிடங்கறையும் பணியாளர் குடியிருப்பும் வரிசையாக அமைந்தன. இரண்டையும் கூரையிட்ட நடைவழி ஒன்று இணைத்தது. புகை, வெப்பம், தீ ஆகியவற்றின் அச்சம் இதற்குக் காரணமாயினும், விளைவு அதனோடு நிற்கவில்லை. உணவு தோன்றும், அது தோன்றும் இடம் தோன்றாது. மின்விசிறி வருமுன் ஆங்கிலேய இந்திய வீடுகளில் கூரையிலிருந்து தொங்கிய பங்காவை எண்ணிப் பார்க்கலாம். அதன் கயிறு சுவரிலிருந்த துளை வழியே வெளியே செல்ல, அங்கே தாழ்வாரத்தில் அமர்ந்து ஒருவர் மணிக்கணக்கில் இழுப்பார். காற்று அறைக்குள்; இழுப்பவர் சுவருக்கு அப்பால்.

இன்று உணவகமாகிய வீட்டில் நாம் அமரும் இடம் முன்தாழ்வாரமும் கூடமுமே. விளம்பரப் படங்களும் அவற்றையே காட்டுகின்றன. பழமை பேணுதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வீட்டின் முன்பாதியைப் பேணுவதாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கறி டிபன்

ஓய்வான வார இறுதி உணவும் காலனித்துவ வீடும் இணைவது இன்றைய வணிகரின் கண்டுபிடிப்பன்று. சார்க்கிஸ் உடன்பிறப்புகள் 1887இல் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கியதே கடற்கரையோரம் இருந்த பங்களா ஒன்றில் பத்து அறைகளோடுதான். 1892இல் வணிக மையமான ராஃபிள்ஸ் பிளேசில் அவர்கள் டிபன் அறை திறந்தனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பியர் வீடுகளில் ஞாயிறு நண்பகலின் சடங்கு கறி டிபன் ஆகும். முதலில் மது, பின்னர் மிளகுத்தண்ணீர் வடிப்பம், அதன்பின் சோறும் பலவகைக் கறிகளும், சுற்றிலும் சிறு கிண்ணங்களில் தேங்காய்த் துருவல், நெத்திலி, வாழைப்பழம், ஊறுகாய், சம்பல். முடிவில் தேங்காய்ப் பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய ஜவ்வரிசி. பிறகு நெடிய உறக்கம். சுவெட்டன்ஹாமின் இல்லமாக இருந்த கோலாலம்பூர்க் கார்கோசா 1989 முதல் விடுதியாக இயங்கிய காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கறி டிபனுக்குப் பெயர் பெற்றிருந்தது.

டிபன் என்னும் சொல்லின் பயணம் மொழியாசிரியர் கவனத்திற்குரியது. சிறிது சிறிதாகப் பருகுதலைக் குறித்த ஆங்கிலப் பேச்சுச்சொல் ஒன்றிலிருந்து இது தோன்றியது என்பது 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி தரும் விளக்கம். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடம் அது நண்பகல் உணவாயிற்று. தமிழகத்தில் அச்சொல்லே இட்டிலி, தோசை முதலிய சிற்றுணவைக் குறிக்கலாயிற்று. சோறு இருந்தால் அது டிபன் அன்று என்பது தமிழர் தெளிவு. சோறும் கறியும் இல்லாவிடில் அது டிபன் அன்று என்பது மலாயா ஆங்கிலேயர் தெளிவு. ஒரே சொல் இரு மேசைகளில் நேர் எதிர்ப்பொருள் கொண்டமைக்கு இதனைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

பின்கட்டுச் சொற்கள்

ஆங்கிலத்தில் கலந்த தமிழ்ச்சொற்களை அடுக்கிப் பெருமிதம் கொள்வது நம் மேடைகளில் வழக்கமான ஒன்று. அப்பட்டியலைப் பள்ளிகளிலும் மனப்பாடம் செய்விக்கிறோம். அதனால் விளையும் பயன் சிறிதே என்பது நம் கருத்து. அச்சொற்கள் எந்த இடத்தில், யார் வாயிலிருந்து, யார் காதுக்குச் சென்றன என்று கேட்கும்போதுதான் அவை பேசத் தொடங்குகின்றன.

மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கு அதன் சுருக்கமாகிய 'மல்' என்பதே கேலிப்பெயராகவும் அமைந்தது. கறி 'கரி' என ஒலிக்கப்பட்டது. கஞ்சி 'காஞ்சி' ஆகி, இன்று சீன அரிசிக் கஞ்சியின் ஆங்கிலப் பெயராக முற்பகலுணவுப் பட்டியல்களில் இடம்பெறுகிறது. அது தமிழ்ச்சொல் என்பதை அறிந்து கேட்பவர் சிலரே. உணவு முடிந்து தாழ்வாரத்தில் புகைத்த சுருட்டு 'செரூட்'. தேக்கு, போர்த்துக்கீசியர் வழியே ஆங்கிலம் சென்று 'டீக்' ஆயிற்று. சுண்ணத்தின் வழிவந்த 'சுணாம்' சுவரின் மெருகைக் குறித்தது. 1862இல் அருட்பொழிவு பெற்ற சிங்கப்பூர்ச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை இந்தியச் சிறைக்கைதிகள் கட்டியபோது, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துப் பூசிய சென்னைச் சுணாம் முறை இவண் நினைக்கத்தக்கது. 'கோடவுன்' என்பது மலாய் 'கூடாங்' வழியாகக் கிடங்கு என்னும் சொல்லோடு தொடர்புடையது எனக் கருதப்படுகிறது.

இச்சொற்களை வீட்டின் வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால், தமிழ் எங்கே நின்றது என்பது புலனாகும். அடுப்பு, கிடங்கு, சுவர்ப்பூச்சு, மரப்பலகை, பரிமாறும் கிண்ணம் ஆகியவற்றில் அது உண்டு. இருக்கைகளில் இல்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சிங்கப்பூர், மலாயா வீடுகளின் சமையற்காரர் பெரும்பாலும் ஹைனான் தீவைச் சேர்ந்த சீனரே. தோட்டக்காரருக்கு வழங்கிய 'கெபுன்' மலாய்ச் சொல். குதிரைக்காரருக்கு வழங்கிய 'சைஸ்' அரபு மூலம் கொண்டது. சலவையாளருக்கு வழங்கிய 'தோபி' இந்திச் சொல். 'ஆயா' போர்த்துக்கீசியம் தந்து தமிழும் ஏற்றுக்கொண்டது. இப்பணிகளில் தமிழரும் இருந்தனர், பிறரும் இருந்தனர். காலனித்துவ ஆசியாவின் உணவுப் பண்பாட்டை 2011இல் நூலாக ஆராய்ந்த சிசிலியா லியோங்-சலோபிர், அவ்வுணவை உருவாக்கியதில் வீட்டுப் பணியாளரின் பங்கு பெரிது என நிறுவுகிறார். அப்பணியாளர் பல மொழியினர். சென்னையில் பிறந்த வடிப்பத்தை ஹைனான் சமையற்காரர் காய்ச்ச, மலாய்ப் பெயர் கொண்ட பனைவெல்லம் அதனைத் தொடர்ந்தது. தமிழுக்கு மட்டும் உரிமை கோரின் அவர்களின் உழைப்பை நாமும் மறைத்தவராவோம்.

எஞ்சும் ஒரு சொல்லே நம்மைப் பெரிதும் உறுத்துவது. அது 'தம்பி'. மலாயா, சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் மலாயிலும் இச்சொல் அலுவலக ஏவலரைக் குறிக்கும் பதவிப் பெயராயிற்று. தமிழில் தம்பி எனில் அண்ணன் ஒருவன் இருக்கவேண்டும். உரிமையும் கடமையும் இருபாலும் உண்டு. ஏவல் மேசையில் அவ்வுறவின் ஒரு முனை அறுந்து, இளையவன் என்னும் பொருள் மட்டும் தங்கியது. அறுபது வயது முதியவரும் அங்குத் தம்பியே. கறி, சுருட்டு முதலிய சொற்கள் பொருளைக் கொண்டுசென்றன. இச்சொல் ஆளையே கொண்டுசென்று, பெயரைக் கழற்றி வைத்துவிட்டது. நம் பாடநூல்கள் தரும் கடன்சொல் பட்டியல்களில் 'கட்டுமரம்' தவறாது வரும். 'தம்பி' வரக் கண்டதில்லை.

டெம்ப்சியில் ஒரு மாற்று

டெம்ப்சி வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டாங்ளின் படைமுகாம். ஆங்கிலேயப் படை வெளியேறிய பின், 1972 முதல் 1989 வரை தேசிய சேவையாளர்களைச் சேர்க்கும் மத்திய மனிதவளத் தளம் அங்கு இயங்கியது. ஆகவே ஒரு தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழ் ஆடவருக்கு அந்த வெள்ளைக் கட்டடங்கள் பெற்றோரை விட்டுப் பிரிந்த இடமாகவே நினைவில் நிற்கின்றன. அதே குன்றில், முன்னாள் அரசு ஊழியர் மன்றக் கட்டடத்தில் இயங்கும் 'சாமிஸ் கறி' உணவகத்தில் வாழையிலையில் சோறு பரிமாறப்படுகிறது. அருகே முட்டையும் காப்பியுமாக முற்பகலுணவு நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையில், இங்கே பல இனக் குடும்பங்கள் மீன்தலைக் கறிக்குக் கூடுகின்றன. கூரையும் தாழ்வாரமும் ஒரே காலத்தவை. முன்புறத்தில் அமர்ந்திருப்போர் மாறியுள்ளனர்.

தமிழாசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்ல விரும்பின், அட்பாரா வீடு 2021 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கேலப் விரிவாக்கப் பகுதியில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. வீட்டின் எளிய வரைபடம் ஒன்றை மாணவரிடம் தந்து, மேலே கண்ட சொற்களை உரிய இடங்களில் எழுதச் செய்யலாம். கஞ்சி, கிடங்கு, சுண்ணம், தேக்கு ஆகியவற்றுக்கு இடம் காண்பது எளிது. 'தம்பி' என்பதை எங்கே எழுதுவது என்று அவர்கள் கேட்கும்போது பாடத்தின் இரண்டாம் பகுதியைத் தொடங்கலாம்.