கணுக்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் காலை எப்போது ஊன்றலாம்?

மாரிகாலத்தில் பாசி படிந்த கிணற்றடியிலும் ஈரமான குளியலறையிலும் வழுக்கி விழுந்து கணுக்கால் என்பை முறித்துக்கொள்ளும் பெண்கள் பலர். சத்திரசிகிச்சை செய்து, தகடும் திருகாணிகளும் பொருத்தி, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குழப்பம் அதன் பிறகுதான் ஆரம்பமாகிறது. "மூன்று மாசத்துக்குக் கால் நிலத்தில் படவே கூடாது" என்பார் மாமி. "எங்கட ராத்தா ஒரு மாசத்துல நடந்தாவே" என்பார் பக்கத்து வீட்டுக்காரி. இதற்கிடையில் அடுப்படியில் வேலை குவிந்து கிடக்கும்.

இருவர் சொல்வதும் பொய்யல்ல. அவரவர் கண்டதைச் சொல்கிறார்கள். ஆனால் ஒருவரின் முறிவைப் போன்றதல்ல இன்னொருவரின் முறிவு. முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு நீண்ட என்புகளின் அடிமுனைகளும் சேர்ந்து, பாதத்தின் மேலென்பைக் குறடு பிடிப்பதுபோல் பிடித்திருப்பதே கணுக்கால் மூட்டு. வெளிப்புற முனை மட்டும் முறிந்திருந்தால் அது ஒரு வகை. இருபுறமும் முறிந்திருந்தால் வேறு வகை. இரண்டு என்புகளையும் இணைக்கும் நாரும் கிழிந்து, குறுக்காகத் திருகாணி போட்டிருந்தால், ஆறு வாரமோ அதற்கு மேலோ பாரம் வைக்க வேண்டாமென்று வைத்தியர்கள் பெரும்பாலும் சொல்வார்கள்.

தகடு என்பை ஒட்டவைப்பதில்லை. ஒட்டும் வரை அசையாமல் பிடித்திருப்பதே அதன் வேலை. என்பு ஓரளவு பிடிக்க ஏறக்குறைய ஆறு வாரமும், நன்கு உறுதிப்பட மூன்று மாதமளவும் செல்லும்.

இதனால்தான் நெடுங்காலமாக ஆறு வாரக் காத்திருப்பு வழக்கமாக இருந்தது. பிரித்தானிய வைத்தியசாலைகளில் நடந்து, 2024இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு இவ்வழக்கத்தைப் பரிசோதித்தது. ஒரு சாராரை இரண்டு வாரத்திலும், மறு சாராரை ஆறு வாரத்திலும் காலை ஊன்றச் செய்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்தி ஊன்றியவர்களின் கால் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருக்கவில்லை. சிக்கல்களும் கூடவில்லை. ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், ஊன்றக் கூடாதென்று சத்திரசிகிச்சை நிபுணர் கருதியவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இதை மறந்துவிட்டு, "இரண்டு வாரம் போதுமாம்" என்று எழுந்து நடந்துவிடாதீர்கள்.

தேவைக்கு மேல் படுத்திருப்பதும் நல்லதல்ல. கெண்டைக்கால் தசை மெலியும், மூட்டு இறுகும், காலின் நாளங்களில் இரத்தம் உறையவும் கூடும்.

சீனி வருத்தம் உள்ள சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் நீரிழிவில் பாத நரம்புகள் மரத்துப் போகின்றன. மற்றவர்களுக்கு நோவே எச்சரிக்கை. இவர்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. "நோவே இல்லை" என்று நடப்பார்கள். உள்ளே திருகாணி தளர்ந்து மூட்டே உருமாறிவிடலாம். அதனால் இவர்களை மற்றவர்களைவிடப் பல வாரங்கள் கூடுதலாக, சில வேளை இரட்டிப்புக் காலம், பாரம் வைக்காமலிருக்கச் சொல்வதுண்டு.

கிளினிக் நாளில் "நடக்கலாமா டொக்டர்?" என்று மட்டும் கேட்டு வராதீர்கள். எந்த நாளிலிருந்து, எவ்வளவு பாரம், காலுறைச் சப்பாத்துடனா வெறுங்காலிலா, ஊன்றுகோல் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். "பாதிப் பாரம்" என்றால் உடல் எடையில் பாதி. வீட்டில் எடை பார்க்கும் தராசு இருந்தால் அந்தக் காலை அதன்மீது மெல்ல அழுத்திப் பார்த்து அளவைப் பழகலாம். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுற்ற கால் முதலில்.

வீட்டாருக்கும் பொறுப்புண்டு. மருமகள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருப்பது சோம்பலல்ல, வீக்கம் வற்றுவதற்கான மருந்து. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுங்கள். குந்தும் மலசலகூடமென்றால், நடுவில் துவாரமுள்ள கதிரை ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். வுழூவின்போது கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹ் செய்து, கதிரையில் அமர்ந்து தொழலாம். நடக்க அனுமதி கிடைத்த உடனேயே இருப்பில் பாதத்தை மடக்கி உட்கார முடியாது. மூட்டு அந்த அளவுக்கு வளையப் பல மாதங்களாகலாம். அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவ வேண்டும் என்று சில உம்மாமார் துடிப்பார்கள். தகடு வைத்த காலில், என்பு பொருந்து முன் உருவ விடாதீர்கள்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காயத்திலிருந்து நீர் வடிந்தாலோ, ஊன்றத் தொடங்கிய பின் நோவு நாளுக்கு நாள் கூடினாலோ, அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பின்னேரங்களில் மட்டும் வந்து, காலையில் வற்றிவிடும் இலேசான வீக்கம் அப்படியல்ல. அது ஆறு மாதம், ஒரு வருடம்கூட இருக்கும்.