குழலில் படியும் காரீயம்

கைத்துப்பாக்கியின் குழலுக்குள் ஒளியைச் செலுத்தி நோக்கினால், பளபளப்பாக இருக்க வேண்டிய உட்சுவரில் சாம்பல் நிறத் திட்டுகளும், காடிகளின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் மெல்லிய உலோக இழைகளும் சில வேளைகளில் தென்படும். முன்னர் அவ்வழியே சென்ற காரீயக் குண்டுகள் விட்டுச்சென்ற உலோகமே இது. படிவு தடிக்கத் தடிக்க, அடுத்து வரும் குண்டுகள் உரசி உருக்குலைகின்றன. இலக்குப் பலகையில் ஓரிடத்தில் குவிய வேண்டிய துளைகள் சிதறுகின்றன. அளவு மீறினால் குழலுக்குள் அழுத்தமும் ஏறுகிறது. அமெரிக்காவில், சுட்டு முடித்த பித்தளை உறைகளைச் சேகரித்து, தாங்களே வார்த்த குண்டுகளை அவற்றில் பொருத்தி, இலக்குச் சுடும் பயிற்சிக்கான தோட்டாக்களை வீட்டுப் பட்டறையில் ஆக்கிக்கொள்ளும் பெருங்கூட்டம் ஒன்று உண்டு. அவர்களை அதிகம் அலைக்கழித்த சிக்கல் இதுதான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம் என்பதால் இந்தப் பொழுதுபோக்குக்கு இங்கே இடமில்லை. ஆயினும் இதன் அடியில் இருக்கும் உலோகவியல், வார்ப்புத் தொழிலையும் அச்சுத் தொழிலையும் அறிந்த எவருக்கும் அந்நியமானதன்று.

குழலின் உட்சுவரில் திருகு வடிவில் வெட்டப்பட்ட பள்ளங்கள் காடிகள் எனப்படும். அவற்றுக்கு இடையே எஞ்சி நிற்பவை மேடுகள். மேடுகள் குண்டைப் பற்றிச் சுழற்றுவதாலேயே அது காற்றில் தலைகீழாகப் புரளாமல் நேர்கோட்டில் செல்கிறது. குண்டின் விட்டம், எதிரெதிர்க் காடிகளின் அடிக்கு அடி அளந்த விட்டத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர், கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வார்ப்போரின் வழக்கம். அமெரிக்கர்களின் 38 ஸ்பெஷல் ரிவால்வர் குழலில் காடி விட்டம் 0.357 அங்குலம் என்றால், அதற்கான வார்ப்புக் குண்டு 0.358 அங்குலமாக இருக்கும். அந்த நூலிழைப் பருமன் இல்லாமற் போனால், காடியின் அடிக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு சந்து திறக்கிறது. சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தில் பின்னாலிருந்து தள்ளும் எரிவளி, குண்டைத் தள்ளுவதோடு நில்லாமல் அந்தச் சந்தின் வழியே முன்னோக்கிப் பீறிடுகிறது. காரீயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். எரிவளியின் வெப்பமோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே குண்டின் பக்கவாட்டிலிருந்து அரித்தெடுக்கப்பட்ட உலோகத் துளிகள் முன்னே தெளிக்கப்பட, பின்னால் வரும் அதே குண்டு அவற்றைச் சுவரோடு அழுத்தித் தேய்க்கிறது. சூடேறிய பித்தளைப் பாத்திரத்தில் பஞ்சு கொண்டு ஈயம் பூசுபவர் செய்வதற்கு நெருக்கமான செயல் இது. ஒருமுறை பூசப்பட்ட இடத்தில் அடுத்த பூச்சு இன்னும் எளிதாக ஒட்டும்.

குண்டின் அளவுக்கும் குழலின் அளவுக்கும் உள்ள இந்த உறவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைத்துறையினர் வேறொரு திசையிலிருந்து அணுகினர். வாய்வழியே மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கியில் குண்டு இறுக்கமாக இருந்தால் உள்ளே இறக்க முடியாது. தளர்வாக இருந்தால் காடிகளைப் பற்றாது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி குளோத் எத்தியேன் மினியே, அடிப்பகுதி குடைவான, தூய காரீயக் குண்டு ஒன்றின் வழியாக இதற்கு விடை தந்தார். குழலைவிடச் சிறியதாக இருந்து எளிதில் உள்ளே இறங்கும் அக்குண்டு, மருந்து வெடித்த கணத்தில் அடி விரிந்து காடிகளை நிரப்பிக்கொண்டது. 0.577 அங்குலக் குழல் கொண்ட பிரிட்டிஷாரின் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியும் இதே கொள்கையைத் தழுவியதே. அதன் குண்டு முதலில் 0.568 அங்குலமாக இருந்து பின்னர் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அத்தோட்டாவின் காகித உறையில் தடவப்பட்ட கொழுப்பு 1857இல் வட இந்தியாவில் என்ன விளைவித்தது என்பது வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தது. பலரும் கேட்காமல் விடும் கேள்வி, அந்தக் கொழுப்பு அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதுதான். குண்டு தடையின்றி உள்ளே இறங்கவும், மருந்தின் கரி இறுகாமலும் காரீயம் குழலில் ஒட்டாமலும் இருக்கவும் மசகு இன்றியமையாததாக இருந்தது. இன்றைய வார்ப்புக் குண்டின் இடுப்பில் ஓடும் வரிப்பள்ளங்களும், அவற்றில் நிரப்பப்படும் தேன்மெழுகுக் கலவையும் அதே தேவையின் தொடர்ச்சியே.

மென்மையான காரீயம் தானாக விரிந்து சந்தை அடைக்கும் என்ற மினியேயின் பாடம், இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1935இல் அமெரிக்காவில் 357 மேக்னம் என்னும் உயரழுத்தத் தோட்டா அறிமுகமானபோது, ஆலையிலிருந்து வந்த மென்காரீயக் குண்டுகள் குழல்களை மோசமாக அடைத்தன. அதைக் கண்டவர்கள், குண்டு மென்மையாக இருப்பதே படிவுக்குக் காரணம், கடினமாக்கினால் தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டினர். அந்த அழுத்தத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் எல்லாக் குழலுக்கும் எல்லாத் தோட்டாவுக்கும் உரிய பொதுவிதியாக அது பரவியதுதான் கேடாயிற்று. பல தலைமுறையினர் படிவைக் கண்டதும் அளவுகோலை எடுக்காமல், மேலும் கடினமான கலவையைத் தேடிப் போனார்கள்.

கடினத்தைப் பிரினெல் எண்ணால் குறிப்பது வழக்கம். குறித்த எடையின் கீழ் ஓர் எஃகுக் கோலி உலோகத்தில் எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுவது அது. தூய காரீயத்தின் எண் 5 அளவில் நிற்கும். கார்ச் சக்கரங்களின் சமநிலைக்காகப் பொருத்தப்பட்டு வந்த காரீய எடைகளை உருக்கினால் 11 அல்லது 12 கிடைக்கும். 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் சேர்ந்த லைனோடைப் உலோகம் 22ஐத் தொடும். பிரினெல் எண்ணை 1,422ஆல் பெருக்கினால், அக்குண்டின் அடி நசுங்கி விரியத் தேவையான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்பது தோராயமாகத் தெரியும் என்பது வார்ப்போர் கையாளும் கணக்கு. 38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 17,000 பவுண்டு. 12 என்ற எண்ணுடைய குண்டு அந்த அழுத்தத்தில் விரிந்து சந்தை மூடிக்கொள்ளும். லைனோடைப் குண்டு விரிய 31,000 பவுண்டுக்கு மேல் வேண்டும். அந்தக் கடினக் குண்டு அளவில் சிறுத்தும் இருந்துவிட்டால், சந்து குழலின் முனைவரை திறந்தபடியே இருக்கும். படிவைத் தீர்க்க வாங்கிய கடினமே படிவை வளர்க்கிறது. இக்கணக்குத் துல்லியமானது அன்று எனினும், அது காட்டும் திசை சரியானது: முதலில் பொருத்தம், அதன் பிறகே கடினம்.

லைனோடைப் என்ற பெயர் தமிழ் அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்தவர்களின் நினைவையும் தொடும். எழுத்தின் முனைகள் கூர்மையாக வார்க்கப்படவும், குளிரும்போது சுருக்கம் குறையவும்தான் அச்சுலோகத்தில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்க்கப்பட்டன. குண்டு வார்ப்போர் அக்கலவையை நாடியதும் இதே பண்புகளுக்காகத்தான். காரீயம் வெப்பத்தால் விரிவதும் குளிரால் சுருங்குவதும் எஃகைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆன்டிமனி அச்சுருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனவே ஆன்டிமனிக் கலவையைக் கருதி வெட்டப்பட்ட ஓர் அச்சில் ஏறக்குறைய தூய காரீயத்தை ஊற்றினால், வரும் குண்டு எதிர்பார்த்த விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். அச்சு போதிய சூடு ஏறாதிருந்தாலும், வெள்ளீயம் மிகக் குறைந்திருந்தாலும், உலோகம் மூலைகளை நிரப்பாமல் விளிம்புகள் மழுங்கிப் போகும்.

அச்சிலிருந்து சரியான அளவில் வெளிவந்த குண்டும் குழலை அடைவதற்குள் சிறுத்துவிடக்கூடும் என்பதுதான் இச்சிக்கலின் நுட்பமான பகுதி. ரிவால்வரின் சுழலுருளையில் ஒவ்வோர் அறையின் முன்வாயும் தொண்டை எனப்படும். அத்தொண்டை காடி விட்டத்தைவிட ஒடுங்கியிருந்தால், எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் அது தொண்டையில் பிழியப்பட்டு, சிறுத்த உருவிலேயே குழலுக்குள் நுழையும். குழலைச் சட்டகத்தில் திருகி இறுக்கும் இடத்தில் உட்சுவர் லேசாக நெருக்குண்டு, அதே வேலையைச் செய்வதும் உண்டு. 9 மி.மீ. பிஸ்டலில் பழி பித்தளை உறையின் மீது விழுகிறது. 1902இல் கியோர்க் லூகர் உருவாக்கிய அத்தோட்டாவின் உறை அடிநோக்கித் தடித்துச் செல்வது. உறையின் வாயை விரிக்கும் கருவியோ செம்புக் கவசமிட்ட 0.355 அங்குலக் குண்டுக்காகச் செய்யப்பட்டது. 0.357 அங்குலக் காரீயக் குண்டை அதில் அழுத்திப் பொருத்தும்போது, உறையின் இறுக்கமே குண்டின் அடியைப் பிழிந்துவிடுகிறது. பொருத்திய குண்டு ஒன்றை மீண்டும் பிடுங்கி அளந்து பார்ப்பவர்க்கே இது புலப்படும். பிடுங்கிப் பார்க்காதவர்கள் மாதக்கணக்கில் கலவையை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அளப்பதற்கு வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். வெறுமையாக்கப்பட்ட, எண்ணெய் தடவிய குழலில், சற்றே பருத்த தூய காரீயத் துண்டை மரக்கட்டையால் மெல்லத் தட்டி முனைமுதல் முனைவரை இறக்கினால், அது காடிகளின் அச்சை அப்படியே ஏந்தி வெளிவரும். வழியில் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதையும் கை உணரும். ஐந்து காடிகள் கொண்ட குழல்களில் ஒரு காடிக்கு எதிரே மேடு அமைவதால், தட்டை முகங்கொண்ட சாதாரண மைக்ரோமீட்டர் தவறான அளவைத் தரும். அதற்கு வி வடிவத் தாங்கி உடைய கருவி வேண்டும். படிவின் இடமும் ஒரு சான்று. குழலின் தொடக்கத்திலேயே படிந்தால் ஐயம் அளவின் மேல் விழ வேண்டும். முனைக்கு அருகில் மட்டும் படிந்தால் மசகு பாதிவழியில் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் எளியது. ஒடுங்கிய தொண்டையைத் துப்பாக்கிச் சீரமைப்பாளர் துளைச்சீவி கொண்டு காடி விட்டத்துக்குச் சீவி எடுப்பார். உறைக்குப் பருத்த விரிப்பான் போதும். அச்சே சிறியது என்றால், அதன் இரு பாதிகளும் சேரும் முகங்களில் வெப்பம் தாங்கும் அலுமினிய நாடாவை ஒட்டி, ஒரு திசையில் சற்றுப் பருத்த குண்டை வார்த்து, பின் அளவு வளையத்தின் வழியே தள்ளி வட்டமாக்கலாம். அல்லது, உராய்வுத்தூள் பூசிய குண்டை அச்சுக்குள் சுழற்றி அச்சையே அகலப்படுத்தலாம். அண்மைக் காலத்தில் பரவியுள்ள தூள்பூச்சு முறை இவை எல்லாவற்றையும் பின்தள்ளி வருகிறது. பாலியெஸ்டர் தூளை நிலைமின்னால் குண்டில் ஒட்டவைத்து ஏறக்குறைய 200 பாகையில் அடுப்பில் வைத்தால், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு விட்டம் கூடுவதோடு, காரீயம் எஃகைத் தொடாதபடி ஒரு தோலும் அமைகிறது. ஆனால் நீரில் விட்டுக் கடினமாக்கிய குண்டுகள் அவ்வெப்பத்தில் கடினத்தை இழக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே படிந்த காரீயத்தை அகற்ற, தூய செம்புக் கம்பிச் சுருணையைத் தூரிகையில் சுற்றித் தேய்ப்பதே பாதுகாப்பான வழி. எஃகைவிடச் செம்பு மென்மையானதால் குழல் கீறுபடாது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த நீரைக் குழலில் ஊற்றினால் காரீயம் நிமிடங்களில் கரைந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் கரைந்து உருவாவது காரீய அசிட்டேட். உலோகக் காரீயத்தைவிட எளிதில் நீரில் கரைந்து உடலில் சேரும் நஞ்சு அது. அக்கலவை குழலின் நீலப்பூச்சையும் எஃகையும்கூட அரிக்கும். வார்ப்புப் பட்டறையிலும் பெரிய அபாயம் ஆவியில் இல்லை. 400 பாகைக்குள் உருக்கும்வரை ஆவி மிகக் குறைவே. உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் ஆக்சைடு கசடை வழித்து எடுக்கும்போது பறக்கும் நுண்தூளே ஆடையிலும் விரல்நகங்களிலும் படிந்து வீட்டுக்குள் வருகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே பொறுப்புள்ள வார்ப்போர் பட்டறை ஆடைகளைத் தனியே துவைக்கிறார்கள். உருக்கும் இடத்தில் உண்பதில்லை. கசடை மூடியிட்ட கலத்தில் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள்.