நாட்பட்ட கல்லீரல் நோயில் இரத்தக் குறிப்பான்கள்: கீழாநெல்லி ஆய்வை முன்வைத்து

முன்னுரை

தமிழக மருத்துவ மரபில் மஞ்சள் காமாலைக்குரிய மருந்துகளுள் கீழாநெல்லி முதன்மையானது. கண்ணின் மஞ்சள் நிறம் மறைவதே நோய் நீங்கியமைக்கு அடையாளமாக மக்களால் கொள்ளப்படுகிறது. வைரசால் திடீரென வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியக்கூடியது. நாட்பட்ட கல்லீரல் நோயோ மஞ்சள் நிறம் தோன்றாமலே பல்லாண்டுகள் வளரக்கூடியது. எனவே இரத்தக் குறிப்பான்களின் துணை தேவைப்படுகிறது. அவை ஒவ்வொன்றும் எதனை உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னை ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து நிகழ்த்திய ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரசை நாட்பட்ட நிலையில் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லி அளிக்கப்பட்டது. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தாய்லாந்து உள்ளிட்ட பிற இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. மேலும், இந்த ஆன்டிஜென் வைரசின் இருப்பைக் காட்டுமேயன்றிக் கல்லீரல் அடைந்த சேதத்தின் அளவைக் காட்டுவதில்லை.

குறிப்பான்களின் வகைகள்

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகிய நொதிகள் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசிபவை; அவை அப்போதைய சிதைவை உணர்த்துகின்றன. அல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவை கல்லீரலின் செயல்திறனை உணர்த்துகின்றன. தழும்பாகப் படியும் நார்த்திசுவை மதிப்பிட ‘ஃபிப்-4’ குறியீடு பயன்படுகிறது. வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்கி, அதனைத் தட்டணு எண்ணிக்கை (ஆயிரங்களில்), ஏ.எல்.டி.யின் வர்க்கமூலம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். 1.45க்குக் கீழ் எனில் முற்றிய நார்த்திசு இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25க்கு மேல் எனில் வாய்ப்பு மிகுதி.

சான்றாக, 60 வயதினர் ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 36, தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1 இலட்சம் எனக் கொள்வோம். நொதிகள் இரண்டும் இயல்பு எல்லைக்குள் உள்ளன. எனினும் குறியீடு 4.0 ஆகிறது, அவருக்கு மேற்பரிசோதனை தேவை.

முடிவுரை

வைரசின் இருப்பு, செல் சிதைவு, செயல்திறன், நார்த்திசு ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஒன்று சீரடைந்ததைக் கொண்டு மற்றவையும் சீரடைந்ததாகக் கருதுவது நோயாளியின் சிகிச்சையைக் காலந்தாழ்த்தும். மூலிகை மருந்துகள் குறித்த இனிவரும் ஆய்வுகள் இந்நான்கையும் தனித்தனியே அளந்து கூறுதல் இன்றியமையாதது.